அழுத்தமும் வளைவும் சேர்ந்து வரும் ஸ்டீல் தூணை டிசைன் செய்வது எப்படி?

மணலி, எண்ணூர் பக்கத்து ஷெட்டுகளில் கிரேன் ஓடும் தூணைக் கவனித்துப் பாருங்கள். கிரேன் பீம் தூணின் நடு அச்சில் உட்காராது, உள்பக்கம் நீட்டிய பிராக்கெட்டில்தான் உட்காரும். அதனால் அந்த எடை தூணை அமுக்குவதோடு வளைக்கவும் செய்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு ஓகே போடக் கூடாது.

ஒரு கணக்கு எடுத்துக்கொள்வோம். ஐஎஸ்எம்பி 300 (300 மி.மீ. ஆழமுள்ள 'I' வடிவ ஸ்டீல் செக்‌ஷன்), 250 கிரேடு ஸ்டீல் (ச.மி.மீ.க்கு 250 நியூட்டனில் இளகுவது), உயரம் 5 மீட்டர், இரு முனையும் பின் ஜாயிண்ட் (சுழல விடும் இணைப்பு). லோடு ஃபேக்டர் (பாதுகாப்புக்காக எடையைக் கூட்டும் பெருக்கம்) போட்ட எடை 200 கிலோநியூட்டன். அது அச்சிலிருந்து 300 மி.மீ. தள்ளி இறங்குகிறது, ஆக மொமென்ட் (வளைக்கும் விசை, எடை x தூரம்) 60 கிலோநியூட்டன் மீட்டர். எளிமைக்காக, முழு உயரத்துக்கும் அதே மொமென்ட் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி, வெட்டுமுகத்தின் பலம். பரப்பு 5626 ச.மி.மீ., அதை 250 ஆல் பெருக்கி, பாதுகாப்புக் குணகமான 1.1 ஆல் வகுத்தால் 1279 கிலோநியூட்டன். பிளாஸ்டிக் மாடுலஸ் (வளைவைத் தாங்கும் திறனைச் சொல்லும் வடிவ அளவு) 651.7 க.செ.மீ., அதையும் அதேபோல் கணக்கிட்டால் 148 கிலோநியூட்டன் மீட்டர். 200/1279 + 60/148 = 0.56. ஒன்றுக்குள் இருக்கிறது, அதாவது பாஸ். பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள், ஆபத்தே அதுதான்.

இரண்டாம் படி, முழுத் தூணின் பலம் (ஸ்டீல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 800:2007, பிரிவு 9.3.2). பலவீன அச்சின் சுழல் ஆரம் (ரேடியஸ் ஆஃப் ஜைரேஷன்) 28.4 மி.மீ. மட்டுமே, எனவே மெலிவு விகிதம் 5000/28.4 = 176. பக்ளிங் (அமுக்கும்போது தூண் நெளிந்து சாய்வது) வளைகோடு 'பி' படி அமுக்கத் தாங்குதிறன் 272 கிலோநியூட்டனாகச் சரிகிறது. பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு சாய்வதையும் கணக்கில் எடுத்தால் மொமென்ட் தாங்குதிறன் சுமார் 66தான். மொமென்டைப் பெருக்கும் குணகத்தை 1 என்று வைத்தால் 200/272 + 60/66 = 1.64. ஃபெயில்!

சரி, பெரிய செக்‌ஷனுக்குத் தாவ வேண்டாம். நடு உயரத்தில் பிடிமானம் கொடுங்கள். நீளம் 2.5 மீட்டர் ஆனதும் தாங்குதிறன்கள் 772, 116 என ஏறும், கூட்டுத்தொகை 0.78. அப்புறம் இன்னொரு சமன்பாடு, வலுவான அச்சுக்கு உரியது, அதையும் போட்டுப் பாருங்கள். இங்கே அது சுலபமாகப் பாஸ் ஆகிறது.

ஆனால் பிடிமானம் தரும் கர்ட் (சுவர் ஷீட்டைத் தாங்கும் கிடைமட்டக் கம்பி) தூணின் வெளி ஃபிளேஞ்சில்தான் ('I' வடிவின் ஓரத் தகடு) இருக்கும், பிராக்கெட்டோ உள் ஃபிளேஞ்சை அமுக்குகிறது. அதனால் கர்ட்டிலிருந்து உள் ஃபிளேஞ்சுக்கு ஒரு சாய்வு ஆங்கிள் போட வேண்டும், கர்ட் வரிசையும் கிராஸ் பிரேசிங்கில் (குறுக்குச் சாய்வுக் கம்பிகள்) போய் முடிய வேண்டும். இல்லாவிட்டால் அந்த 2.5 மீட்டர் பேப்பரில் மட்டும்தான்.

நிஜ வேலையில் கிரேனின் பக்கத் தள்ளலையும் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர்.