ராடு பொருத்திய பிறகும் முன்கால் எலும்பு கூடவில்லை என்றால்

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள பெரிய எலும்பு முறிந்து, அதன் மஜ்ஜைக் குழிக்குள் ராடு என்னும் உலோகத் தண்டு செலுத்தப்பட்டவர்களில் பலர், நான்காம் மாத எக்ஸ்ரேயிலும் முறிவுக் கோடு தெரிவதைக் கண்டு கலங்கிப்போகிறார்கள். இந்த எலும்பின் உட்பக்கம் தசைப் போர்வையின்றித் தோலுக்கு நேர் கீழே இருக்கிறது. விரலை வைத்தாலே அதன் விளிம்பு தட்டுப்படும். கீழ்ப்பகுதியில் இரத்த ஓட்டமும் குறைவு என்பதால், இங்கே தாமதம் அரிதன்று. இந்த எலும்பு முறிந்து ராடு பொருத்தப்பட்ட 1,226 பேரின் நிலையைக் கணக்கிட்டு 2008இல் வெளியான ஸ்பிரின்ட் ஆய்வு, எலும்பு கூடவில்லை என்பதற்காக மறு அறுவை செய்வதைக் குறைந்தது 6 மாதம் தள்ளிவைத்தால் அதன் தேவையே வெகுவாகக் குறையக்கூடும் என்றது. ஆனால் சீழ் வடிந்தாலோ, எலும்பு முனைகளுக்கு இடையில் பெரிய இடைவெளி இருந்தாலோ, ராடு உடைந்தாலோ காத்திருக்கக் கூடாது.

பழைய எக்ஸ்ரேக்களைத் தேதி வரிசையில் அடுக்கி மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே படத்தைவிட, இரு படங்களுக்கு இடையே நிகழ்ந்த மாற்றமே அதிகம் சொல்லும். முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த படங்களில் தெரியும் நான்கு எலும்புச் சுவர்களில் மூன்றிலாவது புது எலும்பு பாலமிட்டிருந்தால், எலும்பு கூடிவிட்டதாகப் பொதுவாகக் கொள்வர். சந்தேகமிருந்தால் சி.டி. ஸ்கேன் தேவைப்படும்.

எந்தச் சிகிச்சைக்கும் முன் கிருமித்தொற்று இல்லை என்று உறுதிசெய்வதே, என் கருத்தில், முதன்மையான வேலை. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைகள் உதவும். எனினும் அவை சரியாக இருப்பதாலேயே தொற்று இல்லை என்று முடிவுகட்ட இயலாது. ஆகவே மறு அறுவையின்போது பல இடங்களிலிருந்து திசு எடுத்துச் சோதிக்கிறார்கள்.

புகையிலையை அறவே விடுவது நோயாளியின் கையில் உள்ள மிகப் பெரிய மருந்து. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், வைட்டமின் டி குறைவைச் சரிசெய்வதும், வலி மாத்திரைகளை நெடுநாள் தொடர்வது பற்றி மருத்துவரிடம் கேட்பதும், அவர் அனுமதிக்கும் அளவுக்குக் காலை ஊன்றி நடப்பதும் அவசியம்.

அதன் பிறகும் முன்னேற்றம் இல்லையெனில், ராடை எலும்போடு பிணைக்கும் பூட்டுத் திருகுகளை அதன் ஒரு முனையில் மட்டும் கழற்றி, நடக்கும்போது முறிவு முனைகள் ஒன்றையொன்று அழுத்தச் செய்யலாம். இது எளிய முறைதான். ஆனால் சாய்வாகவோ பல துண்டுகளாகவோ முறிந்த எலும்பில் கால் குட்டையாகிவிடும் ஆபத்து உண்டு. தொற்றில்லாத முறிவுக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது ராடை மாற்றுவதே: பழையதை எடுத்து, குழியைக் குடைந்து அகலப்படுத்தி, பழையதைவிடக் குறைந்தது 1 மில்லிமீட்டராவது கூடுதல் தடிமனான ராடைச் செலுத்துகிறார்கள், குடையும்போது வரும் எலும்புத் துகளே முறிவிடத்தில் ஒட்டெலும்பாகப் பயன்படுகிறது. எலும்பு இழப்பு இருந்தால் இடுப்பெலும்பிலிருந்து ஒட்டெலும்பு எடுத்து வைப்பார்கள். தொற்று உறுதியானால், ராடை நீக்கிச் சுத்தம் செய்து, உரிய ஆன்டிபயாட்டிக் கொடுத்து, தேவைப்பட்டால், காலைச் சுற்றிய வளையங்களோடு எலும்பைக் கம்பிகளால் இணைக்கும் இலிசரோவ் வளையச் சட்டத்தால் எலும்பை வெளியிலிருந்து நிறுத்துகிறார்கள். பல மாதங்கள் நீளும் அச்சிகிச்சையில், கம்பிகள் தோலில் நுழையும் இடங்களை நாள்தோறும் பார்த்துச் சுத்தமாக வைத்துக்கொள்ள வீட்டில் ஒருவர் பழகிக்கொள்ள வேண்டும்.