அச்சுக்கு அனுப்பும் முன் பக்கங்களை 16-ஆல் வகுத்துப் பாருங்கள்

உங்கள் முதல் புத்தகத்தின் லேஅவுட் (பக்க வடிவமைப்பு) முடிந்ததும் மொத்தப் பக்கங்களை 16-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி நான்குக்குள் வந்தால் அந்தப் பக்கங்களைக் குறைத்துவிடுங்கள். தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம், முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் கணக்கில் சேரும்.

ஆஃப்செட்டில், அதாவது பிளேட் (அச்சுத் தகடு) செய்து மொத்தமாக அச்சடிக்கும் முறையில், டெமி எனும் வழக்கமான அளவுப் புத்தகம் பெரும்பாலும் 16 பக்கப் பாரங்களாகத்தான் அச்சாகும். ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கங்களின் தொகுதிதான் பாரம். 163 பக்கம் என்றால் பத்துப் பாரம் போக மூன்று பக்கம் மிச்சம்; அதற்காக அரைப் பாரமாவது கூடுதலாக ஓட்ட வேண்டும். பிளேட், தாள், மடிப்பு எல்லாவற்றுக்கும் காசு, கடைசியில் ஐந்து வெற்றுப் பக்கம்.

குறைப்பது எளிது. அத்தியாயக் கடைசியில் இரண்டு மூன்று வரி மட்டும் தொங்கும் பக்கங்களைத் தேடுங்கள். அதற்கு முந்தைய பத்திகளில் சில சொற்களை வெட்டினால் பக்கமே மறைந்துவிடும். அத்தியாயங்கள் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டாலும் வெற்றுப் பக்கங்கள் குறையும். தயவுசெய்து வரி இடைவெளியில் மட்டும் கை வைக்காதீர்கள்: மேல்வரியின் உகரக் குறியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும், படிப்பவர் கண் வலிக்கும். பிறகு பொருளடக்கத்தின் பக்க எண்களை மறுபடி சரிபாருங்கள்.

பிரின்ட் ஆன் டிமாண்டில் (தேவைப்படும்போது தேவையான பிரதிகளை மட்டும் அச்சடிக்கும் முறை) இந்தக் கணக்கு வேண்டாம். அங்கே பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் விலை. ஆஃப்செட்டிலும் சில அச்சகங்களில் பாரம் 8 பக்கம், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.