பைக் சீட் மாற்றப் போகிறீர்களா?
வேலூரிலிருந்து ராணிப்பேட்டை, வாலாஜா என்று தினமும் பைக்கில் போய் இடுப்பு வலிக்கிறதா? முதலில் சீட்டைக் கவனியுங்கள். கையால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் ஃபோம் வேண்டாம். கொஞ்ச தூரத்திலேயே அமுங்கி, அடித்தட்டு இடிக்கும். அடர்த்தி கூடிய ஃபோம் போட்டு, முன்னால் வழுக்காதபடி சமமாக்கித் தரச் சொல்லுங்கள். கால் தரையில் நன்றாக ஊன்றுகிறதா என்று உட்கார்ந்து பார்த்த பிறகே உறை தைக்க விடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு ரெக்சின் மேல் வலை உறை அவசியம்.

அப்புறம் ஹேண்டில்பார் ரைசர், அதாவது ஹேண்டிலை உயர்த்த அதன் அடியில் பொருத்தும் துண்டு. குனிந்து ஓட்ட வேண்டியிருந்தால் மட்டும் போடுங்கள். போட்டதும், வண்டியை ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் வைத்து ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டு எஞ்சின் சத்தம் ஏறினாலோ, பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் குழாய்) விறைத்தாலோ, அதற்குப் பதில் நீளமானதைப் போடாமல் ஓட்டவே கூடாது.