காத்தி ஓட்டினெனைப் பார்த்து நடிப்புப் பழகுவது எப்படி

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறேன். மூன்று வருடமாக ஃபோனில் குறும்படமும் எடுக்கிறோம். எங்கள் முதல் படத்தில், அப்பா இறந்த செய்தி கேட்டு மகள் அழ வேண்டும். பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டுக் காட்டியபோது முன் வரிசைச் சிறுவர்கள் சிரித்துவிட்டார்கள். நடித்த பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டாள். பிழை அவளுடையது இல்லை, என்னுடையது. எங்கள் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தில், காமனை இழந்த ரதி புலம்பினால், தப்புப் பறையின் சத்தத்தையும் மீறி, கடைசி லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நிற்கிற பாட்டிக்கும் கேட்க வேண்டும். நான் அவளுக்குக் கொடுத்தது அந்தக் குரல். ஃபோனோ அவள் முகத்துக்கு இரண்டடியில் இருந்தது.

அதற்கு வழி தேடும்போது கிடைத்தவர்தான் பின்லாந்து நடிகை காத்தி ஓட்டினென். 1961இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். சினிமா, டீவி, மேடை மூன்றிலும் நடித்தவர், பிறகு அங்கே நாடகக் கல்லூரியில் நடிப்புப் பேராசிரியராகவும் இருந்தவர். ஒரே நடிகரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்ப்பதுதான் எங்கள் முறை. பத்து நடிகர்களின் நல்ல காட்சிகளைத் துண்டு துண்டாகப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

முதலில் 1990இல் வந்த 'த மேட்ச் ஃபேக்டரி கேர்ள்' படத்தை எடுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆங்கில உபதலைப்பு வாசிக்க வராதே என்று தயங்க வேண்டாம். முதல் பத்து நிமிடம் தாண்டியும் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். தீப்பெட்டித் தொழிற்சாலையில் மரக்கட்டை உரிபட்டு, குச்சியாகி, பெட்டியாகி வருகிற இயந்திரங்கள்தான் தொடக்கம். எங்கள் பிள்ளைகள் அதைக் கண்டதும் "ஸ்டோர் மாதிரியே இருக்கு அக்கா" என்றார்கள். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் ஸ்டோர் என்போம். ரோலரும் சல்லடையும் ஓடுகிற சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அங்கே வேலை செய்கிற பெண்ணாக வரும் ஓட்டினெனின் கை ஏன் அப்படி அசைகிறது என்று விளக்கவே தேவையில்லை.

அந்தப் படத்தை மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை சும்மா கதைக்காக. இரண்டாம் தடவை சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு. மூன்றாம் தடவை கொப்பியும் பேனாவுமாக. கொப்பியில் மூன்று கோடு போட்டுக்கொள்ளுங்கள்: கை என்ன செய்கிறது, கண் எங்கே போகிறது, உடம்பு எப்போது நகர்கிறது. 'சோகமாக இருக்கிறாள்' என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிடச் சொல்வேன். நடிகர் செய்தது மட்டும்தான் கொப்பியில் வர வேண்டும்.

நடன மண்டபக் காட்சியில் நில்லுங்கள். வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களை ஒவ்வொருவராக ஆடக் கூட்டிப்போகிறார்கள். கடைசியில் இவர் மட்டும் மிஞ்சுகிறார். முகம் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. ஆனால் பார்க்கிற நமக்கு நெஞ்சு கனக்கிறது. எங்கள் கொப்பிகளில் அந்த இடத்துக்கு எழுத ஒன்றுமே இருக்கவில்லை. ஒரு பிள்ளை 'காத்திருக்கிறாள்' என்று மட்டும் எழுதியிருந்தாள். சரிதான், அதுவும் ஒரு செயல்தான்.

அப்புறம் சம்பளக் காட்சி. உழைத்த காசில் தனக்கென்று ஒரு சட்டை வாங்கி வருகிறாள். வீட்டில் அறை விழுகிறது, சட்டையைத் திருப்பிக் கொடு என்கிறாள் தாய். எத்தனை லயத்துக் காம்பிராவில் (அறையில்) நடந்த கதை இது! மழையில் கொழுந்தெடுத்து, அரைப்பேர் என்று அரைநாள் சம்பளம் மட்டும் விழாமல் பார்த்து, சம்பள நாளில் காசை அப்படியே கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளைகள் எத்தனை பேர்.

இதன் பிறகு பின்னோக்கிப் போங்கள், 1986க்கு. 'ஷேடோஸ் இன் பரடைஸ்' படத்தில் அவர் சுப்பர் மார்க்கெட் கேஷியர், கூட நடிக்கும் மத்தி பெல்லோன்பா குப்பை லொறி ஓட்டுகிறவர். இரண்டு படத்துக்கும் அகி கௌரிஸ்மாகிதான் இயக்குநர். ஓட்டினென் நாடகம் படித்தது யோக்கோ துர்க்காவிடம். உடம்பை வருத்தி, வியர்த்துக் கொட்டி, ஆவேசமாக நடிக்க வைப்பதில் பேர் போன ஆசிரியர் அவர். அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்தான் இவ்வளவு அடங்கி நிற்கிறார். அதனால்தான் கூத்துப் பழகியதை விட்டுவிடு என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. மூச்சையும் முதுகையும் கூத்து தந்திருக்கிறது. அந்தப் பலம் இருந்தால்தான் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க முடியும்.

பிறகு 1996இல் வந்த 'ட்ரிஃப்டிங் க்ளவுட்ஸ்'. உணவகத்தில் தலைமைப் பரிமாறுநராக இருக்கும் பெண்ணும் டிராம் ஓட்டும் கணவனும் வேலை இழக்கிறார்கள். இந்தப் படத்தைப் பார்ப்பதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். முக்கிய பாத்திரம் பெல்லோன்பாவுக்கென்று நினைக்கப்பட்டது. 1995இல் மாரடைப்பில் அவர் போய்விட்டார். கதை மாற்றப்பட்டு, பாரம் ஓட்டினென் தோளில் வந்தது. அந்தத் தம்பதி இழந்த பிள்ளை என்று ஒரு புகைப்படம் படத்தில் வருகிறதே, அது பெல்லோன்பாவின் சிறுவயதுப் படம். கூட நடித்த தோழனின் பிள்ளைப்பருவ முகத்தை ஓட்டினென் பார்க்கிற அந்தப் பார்வையை எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று முறை போட்டுக் காட்டினேன். ஒரு துளி கண்ணீர் இல்லை. அழுகைக் காட்சி எடுக்கப்போகிற யாரும் இதைப் பார்க்காமல் ஃபோனைத் தூக்க வேண்டாம்.

2002இல் வந்த 'த மேன் விதவுட் எ பாஸ்ட்' படத்துக்காகத்தான் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார். ஏழைகளுக்கு உதவும் கிறிஸ்தவ அமைப்பான இரட்சணிய சேனையின் பணியாளராக வருவார். 2011இல் 'ல ஹாவ்ர்' படத்தில் நோயாளி மனைவி. இவை இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், கொப்பி இல்லாமல். இந்தக் கட்டத்தில் கண் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

பார்த்து முடித்ததும் ஒரு காட்சி எடுங்கள். காம்பிராவுக்குள் வெளிச்சம் போதாது, அதனால் காலை ஒன்பது மணிக்கு மேல், பனிமூட்டம் கலைந்ததும், வாசலோரம். ஃபோனைக் கதிரையில் அசையாமல் நிறுத்துங்கள். ஸூம் வேண்டாம், பின்னணி இசையும் வேண்டாம். வசனம் அதிகபட்சம் இரண்டு வரி. நடிக்கிறவருக்கு உணர்ச்சியைச் சொல்லாதீர்கள், கைக்கு ஒரு வேலையைச் சொல்லுங்கள்: கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிச்சுப் போடு, ரொட்டி மாவைப் பிசை, தம்பியின் சப்பாத்தைத் துடை.

மண்டபத்தை விட்டுப் போன அந்தப் பிள்ளையை வைத்தே நாங்கள் சம்பள நாள் காட்சி எடுத்தோம். அம்மா கேட்கிறாள், இவள் காசை எண்ணி வெறும் பால்மா டின்னுக்குள் போடுகிறாள். நான் சொன்னது அவ்வளவுதான். டின்னின் மூடி நசுங்கியிருந்தது. அவள் ஒரு தடவை அழுத்தினாள், மூடவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, உள்ளங்கையால் இன்னொரு தடவை அழுத்தினாள். அந்தப் பதினைந்து வினாடியை வெட்டாமல் வைத்திருக்கிறோம்.