அளவைகளும் கோணங்களும்: கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

3 மீட்டர் 5 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டால், ஐந்தாம் வகுப்பில் சிலராவது 35 என்று எழுதிவிடுவார்கள். 2 கிலோ 50 கிராம் அவர்களுக்கு 250 கிராம் ஆகிவிடும். இதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வதில் பயனில்லை. 100ஆல் பெருக்கு, 1000ஆல் பெருக்கு என்ற விதி மனப்பாடமாகியிருக்கிறது. மீட்டர் எவ்வளவு நீளம் என்பது மனதில் பதியவில்லை. விதியை முதலில் சொல்லிவிடுவதுதான் பெரிய தவறு. மூன்று மீட்டர் கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டு, பக்கத்தில் 30 செ.மீ. ஸ்கேலை வைக்கச் சொல்லுங்கள். 35 என்ற விடையைக் குழந்தையே அழித்துவிடும்.

பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பத்துக்கும் இதே வழிதான். ஒரு லிட்டர் தண்ணீரை 200 மி.லி. டம்ளரில் ஊற்றி அளந்தால் ஐந்து முறை ஊற்ற வேண்டும். அலகு சிறுத்தால் எண்ணிக்கை கூடும் என்பதைக் கை உணர்ந்த பிறகு கணக்குக்கு வரலாம்.

நேரத்தை மட்டும் இவற்றோடு சேர்த்து நடத்தாதீர்கள். நூறும் ஆயிரமும் பழகிய கையோடு வந்தால் 2 மணி 15 நிமிடம் 215 நிமிடமாகும். ஒன்றரை மணியை 1.5 என்று எழுதினால் 1 மணி 50 நிமிடம் என்று படிப்பார்கள்.

கோணத்தில் இன்னும் பொறுமை வேண்டும். கோணத்தின் கதிர்களை, அதாவது இரு பக்கக் கோடுகளை, நீளமாக வரைந்தால் கோணமும் பெரிது என்று பல குழந்தைகள் உறுதியாக நம்புகிறார்கள். கரும்பலகையில் எப்போதும் கிடைக்கோட்டை வைத்தே கோணம் வரைவதும் தவறு. அதே கோணத்தைத் திருப்பிப் போட்டால் திகைத்துவிடுவார்கள். சாய்த்தும் கவிழ்த்தும் வரையுங்கள்.

கோணமானியை முதல் நாளே கொடுக்க வேண்டாம். தாளை ஒருமுறை மடித்து, அந்த மடிப்புக் கோடு தன்மேலேயே படியும்படி மறுபடி மடித்தால் செங்கோணம் கிடைக்கும். அந்த மூலையை வைத்து, கொடுத்த கோணம் அதைவிடச் சிறியதா பெரியதா என்று முதலில் சொல்ல வைக்க வேண்டும். கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் எதிரெதிராக ஓடுகின்றன. 50 பாகையை 130 என்று படிப்பது அதனால்தான். செங்கோணத்தைவிடச் சிறியது, அதாவது குறுங்கோணம் என்று முன்பே சொன்ன குழந்தை 130 என்று எழுதத் தயங்கும். இன்னொன்று: பல பிளாஸ்டிக் கோணமானிகளில் பூஜ்யக் கோடு அடிவிளிம்பில் இருக்காது, சற்று மேலே இருக்கும். விளிம்பைக் கோட்டின்மேல் வைத்தால் அளவு பிசகும். ஒவ்வொருவர் கோணமானியையும் வாங்கிப் பார்ப்பது நல்லது.

50 பாகைக்கு 49 என்றோ 51 என்றோ எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். கருவி அவ்வளவுதான் காட்டும்.