ஒத்துவராத ஜோடிப் படங்கள்: விமர்சனத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருத்தர் விதியை மீறவே மாட்டார், இன்னொருத்தர் விதி என்று ஒன்று இருப்பதையே கண்டுகொள்ள மாட்டார். இந்த இரண்டு பேரையும் ஒரே வழக்கில் மாட்டிவிட்டு, அடிதடிக்கு நடுவே சிரிக்கவும் வைக்கும் ஜோடிப் படங்களுக்கு எப்போதும் ஒரு கூட்டம் உண்டு. ஹாலிவுட்டில் 1982இல் வந்த '48 அவர்ஸ்' இதற்கு ஒரு வடிவம் கொடுத்தது, 1987இல் 'லெத்தல் வெப்பன்' அதைப் பெரிய வியாபாரமாக்கியது. ஆனால் நாம் மிகவும் தவறாகப் படிப்பது இந்த வகைப் படங்களின் விமர்சனத்தைத்தான். வேலூரில் சிக்கல் இன்னும் கூடுதல். ஒரு திரையில் தமிழ், சித்தூர் பக்கத்திலேயே இருப்பதால் இன்னொன்றில் நேரடித் தெலுங்கு, காட்பாடியில் படிக்கிற வெளி மாநிலப் பிள்ளைகளால் இந்திக்கும் ஆள் உண்டு, ஆங்கிலப் படமோ ஒரு வாரம் ஆங்கிலத்தில் வரும், ஒரு வாரம் தமிழ் டப்பிங்கில் வரும். எங்கோ, வேறு மொழியில் படம் பார்த்தவர் எழுதியதை நம்பி நாம் டிக்கெட் எடுக்கிறோம்.

முதலில் அந்தச் சதவீதம். விமர்சனங்களைத் தொகுத்துக் காட்டும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் 90 என்று இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று எடுத்துக்கொள்கிறோம். அது மதிப்பெண் இல்லை. எத்தனை விமர்சகர்கள் 'பார்க்கலாம்' என்ற பக்கம் நின்றார்கள் என்ற கணக்கு. நூறு பேரும் பத்துக்கு ஆறு கொடுத்து 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்று எழுதினால் அந்தப் படம் 100 காட்டும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மீதிப் பேர் திட்டினால் 50. இரண்டாவது படம்தான் உங்களுக்கு உயிராகப் பிடித்துப்போகலாம். ஜோடிப் படங்கள் இந்தக் கணக்கில் பல நேரம் நடுவில் மாட்டும், ஏனென்றால் நகைச்சுவையில் எல்லாரும் ஒத்துப்போவது அபூர்வம். அந்தத் தளமே 1998இல் பிறந்தது ஒரு ஜாக்கி சான் ரசிகரால் என்பதையும் சொல்ல வேண்டும். சென் டுவாங் என்ற அந்த இளைஞர், ஜாக்கி சான் நடித்த ஜோடிப் படமான 'ரஷ் ஹவர்' வெளியீட்டை எதிர்பார்த்துத்தான் விமர்சனங்களை ஒரே இடத்தில் சேர்க்க ஆரம்பித்தார். அந்தப் படத்துக்கு அதே தளத்தில் 60ஐ ஒட்டித்தான் கிடைத்தது. உலக வசூலோ சுமார் 24 கோடி டாலர்.

அடுத்து, 'கதையில் புதுசா ஒண்ணும் இல்லை' என்ற ஒற்றை வரி. பழைய கதைதான், அது தெரிந்துதான் உள்ளே போகிறோம். முதலில் முறைப்பார்கள், நடுவில் ஒரு பெரிய சண்டை போட்டுப் பிரிவார்கள், கடைசியில் ஒருத்தருக்காக ஒருத்தர் உயிரைக் கொடுப்பார்கள். இதைக் குறையாக எழுதும் விமர்சனம் எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. இந்த இரண்டு பேர் ஏன் ஒத்துவரவில்லை? வயசா, ஊரா, பணமா, வேலையைப் பார்க்கும் விதமா? அந்த வேறுபாட்டிலிருந்து சிரிப்பு வருகிறதா, இல்லை எழுதியவர் அங்கங்கே சொருகிய ஜோக்கிலிருந்து வருகிறதா? ஒருத்தரிடம் இல்லாத எதை இன்னொருத்தர் கொண்டுவருகிறார்? இதைச் சொல்லும் விமர்சனம் படத்தைத் திட்டியிருந்தாலும் எனக்குப் பயன்படும்.

நம்ம பக்கம் ரொம்ப நடக்கும் தவறு, யார் யாரைத் தூக்கிச் சாப்பிட்டார் என்று எழுதுவது. இரண்டு நாயகர்கள் என்றதும் யாருக்கு எத்தனை சண்டை, யாருக்கு இடைவேளைக் காட்சி என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். வாய் ஓயாமல் பேசுபவர்தான் கண்ணில் படுவார், அவருக்குத்தான் 'கலக்கிட்டார்' என்ற பாராட்டும் போகும். பக்கத்தில் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, சரியான நொடியில் மட்டும் திரும்பிப் பார்ப்பவர் செய்யும் வேலை அதைவிடக் கடினமானது. 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். செந்தில் கொஞ்சம்கூட அசராமல் அதே பதிலைத் திரும்பச் சொல்லி நிற்பதால்தான் கவுண்டமணியின் கோபம் ஏறுகிறது, நாமும் சிரிக்கிறோம். இதில் யார் ஜெயித்தார் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. 'லெத்தல் வெப்பனில்' மெல் கிப்சனின் வெறி எடுபடுவதற்கு டேனி குளோவரின் களைப்பும் பொறுமையும் காரணம். ஒருவரை மட்டும் புகழ்ந்து இன்னொருவரைப் 'பாத்திரத்தை நிறைவாகச் செய்திருக்கிறார்' என்று முடித்துவிட்டால் அந்த விமர்சனம் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறது.

'ஆக்‌ஷன் சூப்பர், காமெடி சுமார்' என்று தனித்தனியாகப் பிரிப்பதும் இதே மாதிரிதான். நல்ல ஜோடிப் படத்தில் சண்டைக்குள்ளேயே சிரிப்பு இருக்கும். அதைக் கூறுபோட்டால் எதுவும் மிஞ்சாது.

டப்பிங் விஷயத்தில் விமர்சகரைவிட நம் மேல்தான் தவறு அதிகம். 'ரஷ் ஹவர்' படத்தின் ஆரம்பச் சிரிப்பு, ஹாங்காங் போலீஸ்காரருக்கு ஆங்கிலம் தெரியாது என்று அமெரிக்கப் போலீஸ்காரர் நினைத்துக்கொள்வதில் இருக்கிறது. இருவரையும் தமிழில் பேச வைத்தால் அந்த அடித்தளமே ஆட்டம் காணும். டப்பிங் வசனம் எழுதுபவர் வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும், சில நேரம் அசலைவிட நன்றாகவே கண்டுபிடிக்கிறார், சில நேரம் மொக்கையாகிவிடுகிறது. எதுவானாலும், நியூயார்க்கில் ஆங்கிலத்தில் பார்த்தவர் எழுதியதை வேலூரில் தமிழில் பார்க்கப்போகும் படத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது. டப்பிங் பதிப்பைப் பார்த்து எழுதுபவர்கள் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. தெலுங்குப் படத்தைத் தெலுங்கிலேயே பார்க்கிற குடியாத்தம், காட்பாடி ஆட்களின் கருத்தும் தமிழ் டப்பிங் பார்த்தவர் கருத்தும் மாறுவது இதனால்தான். இருவரும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள்.

வசூலை விமர்சனத்துக்குப் பதில் சொல்ல வைப்பது இன்னொரு பழக்கம். 1995இல் வந்த 'பேட் பாய்ஸ்' படத்தை விமர்சகர்களில் பலர் ஏற்கவில்லை, 1.9 கோடி டாலரில் எடுத்தது 14 கோடிக்கு மேல் சம்பாதித்தது. 2016இல் வந்த 'தி நைஸ் கைஸ்' விமர்சகர்களிடம் பெரும் பாராட்டு வாங்கியது, சுமார் 5 கோடி டாலர் செலவுக்கு 6 கோடியைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றது. முதல் படம் ஓடியதால் அதன் குறைகள் மறையவில்லை. இரண்டாவது படம் ஓடாததால் அதன் இரு நாயகர்களின் நடிப்பு குறைந்தும் போகவில்லை.

அப்புறம் தியேட்டர் வாசல் மைக். 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை அனுமதிக்க வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. தடை தேவை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் முதல் காட்சியின் சத்தத்தை அப்படியே நம்பவும் வேண்டாம். நிறைந்த அரங்கில் ஒருத்தர் சிரித்தால் வரிசையே சிரிக்கும், அதே காட்சி புதன்கிழமை மதியம் இருபது பேரோடு பார்க்கும்போது எடுபடாமல் போகலாம். அதனால் அவசரம் இல்லை என்றால் திங்கள் வரை பொறுங்கள். அதற்குள் ரசிகர் சண்டை ஓய்ந்திருக்கும், எந்த மொழியில் பார்த்தோம், எந்தக் காட்சியில் ஜோடி ஒட்டியது, எங்கே சலித்தது என்று நிதானமாக எழுதுபவர்கள் எழுதியிருப்பார்கள். அவர்களில் இரண்டு பேரைப் படியுங்கள், ஒருவர் பிடித்தது என்றவர், ஒருவர் பிடிக்கவில்லை என்றவர்.