சீன முதியவர்களைப் பேட்டி காணும்போது ராசி விலங்கைக் கேளுங்கள்

சீனக் கிராமங்களில் வாய்மொழி வரலாறு சேகரிக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பெரியவர் "எனக்கு 85" என்றால் அப்படியே எழுதிவிடாதீர்கள். பழைய கணக்கில் பிறந்ததுமே வயது 1; அடுத்த சந்திரப் புத்தாண்டில் இன்னொன்று கூடிவிடும். அதனால் எந்த விலங்கின் ஆண்டில் பிறந்தார் என்று கேளுங்கள்; சீனக் கணக்கில் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு விலங்கு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதே விலங்கு திரும்பும். குதிரை என்றால் 1930, 1942, 1954. ஆளைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர் என்றால் மட்டும் கவனம்: 1942-இல் குதிரை ஆண்டு தொடங்கியதே பிப்ரவரி 15-இல்தான். அதற்கு முந்தி பிறந்தவர் பாம்பு.

சம்பவங்களுக்கும் இதே வழிதான். "நாடகக் குழு எந்த வருடம் கலைந்தது?" என்றால் தலையைச் சொறிவார். "பொதுச் சமையற்கூடத்தில் சாப்பிட்ட காலத்துக்கு முன்னாலா, பின்னாலா?" என்றால் பட்டென்று பதில் வரும். அந்தக் கூடங்கள் 1958-இல் மக்கள் கம்யூன்களோடு (நிலமும் உழைப்பும் பொதுவாக்கப்பட்ட கிராம அமைப்புகள்) பரவியவை.

ஒப்புதல் படிவத்தை எடுத்த எடுப்பில் நீட்டாதீர்கள். மாவோ காலத்து அரசியல் வேட்டையான கலாச்சாரப் புரட்சியை (1966–76) பார்த்தவர்களில் சிலருக்குக் கையெழுத்து என்றாலே உதறல். உங்கள் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டால், வாய்ச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்துகொள்வதே மேல். வட்டார மொழியைப் பேரன் மொழிபெயர்த்தால் ஐந்து நிமிடப் பேச்சு ஒரு வரியாகிவிடும். பதிவை நிறுத்தாமல் ஓடவிடுங்கள்.